ஆண்டிபட்டியை வைத்து ஒரு சோதனை: தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள் எவ்வளவு தூரம் உதவும்?

ஒரு சட்டமன்றத் தொகுதியின் வரலாற்றை ஒழுங்காக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால், முதலில் திறக்க வேண்டியது இந்தியத் தேர்தல் ஆணையம் ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்குப் பிறகும் வெளியிடும் புள்ளிவிவர அறிக்கை. இதைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. ஓட்டலுக்கும் கைபேசிக்கும் மதிப்புரை எழுதுகிறோம், நம் வரிப்பணத்தில் தயாராகி நமக்கே இலவசமாகக் கிடைக்கும் இவ்வளவு பெரிய ஒரு சேவைக்கு எழுதக் கூடாதா என்ன? அதனால் எழுதுகிறேன். சோதித்துப் பார்க்க ஒரு தொகுதி வேண்டுமே, அதற்கு ஆண்டிபட்டியை எடுத்துக்கொண்டேன். தேனி மாவட்டத்தில் இருக்கிறது, இப்போது வரிசை எண் 198. இரண்டு முதலமைச்சர்களை அனுப்பிய தொகுதி, இரண்டு இடைத்தேர்தல்களால் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட தொகுதி, "அ.தி.மு.க. கோட்டை" என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் தொகுதி. அந்த வார்த்தை எவ்வளவு தாங்கும் என்று எண்களை வைத்துப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

முதலில் அறிக்கைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் வென்றவர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். தொடக்கத்தில் கட்சிகளின் சுருக்கப் பெயர்கள், அப்புறம் மாநிலம் முழுவதற்குமான சுருக்கம், வெற்றி பெற்றவர்கள் பட்டியல், கட்சிகள் எத்தனை இடத்தில் நின்றன, எத்தனையில் வென்றன, எத்தனையில் டெபாசிட் இழந்தன, பெண் வேட்பாளர்கள் எப்படிச் செய்தார்கள் என்று வரிசையாகப் போகும். அதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு உயிர்: தொகுதிவாரித் தரவுச் சுருக்கம். ஒரு தொகுதிக்கு ஒரு பக்கம் என்று வைத்து, மனுத் தாக்கல் செய்தவர்கள், மனு தள்ளுபடி ஆனவர்கள், விலகியவர்கள், களத்தில் நின்றவர்கள், டெபாசிட் போனவர்கள், ஆண் வாக்காளர், பெண் வாக்காளர், வாக்களித்தவர்கள், செல்லாத ஓட்டு, வாக்குச்சாவடி எண்ணிக்கை, வாக்குப்பதிவு நாள், எண்ணிய நாள், வென்றவர், இரண்டாம் இடம், வித்தியாசம் எல்லாம் கொடுத்திருப்பார்கள். கடைசியில் விரிவான முடிவுகள், ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய வாக்கோடு. சுயேச்சையாக நின்று நூற்றுச் சொச்சம் ஓட்டு வாங்கியவர் பெயரும் அங்கே இருக்கும். 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்களே, அந்தப் பெயர்கள் எல்லாம் பக்கம் பக்கமாக அறிக்கையில் போகும். அந்த ஆண்டுதான் சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட் தொகையை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு உயர்த்தினார்கள். 2010இலிருந்து அது 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் பணம் திரும்ப வராது என்ற விதி மட்டும் மாறவில்லை.

தேடும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. 1952 முதல் 1967 வரையிலான அறிக்கைகள் மெட்ராஸ் என்ற பெயரின் கீழ் இருக்கும், 1971இலிருந்துதான் தமிழ்நாடு. பெயர் மாற்றம் நடந்தது 1969 ஜனவரியில் என்பதால் இது நியாயமான வரிசைதான், ஆனால் தமிழ்நாடு என்று மட்டும் தேடிவிட்டு "பழைய தேர்தல் விவரம் இல்லையே" என்று திரும்பி வருபவர்கள் நிறைய. அதோடு 1952இல் மெட்ராஸ் சட்டமன்றத்தில் 375 இடங்கள், 1957இல் 205, 1962இல் 206, 1967இலிருந்துதான் இன்று நாம் சொல்லும் 234. நடுவில் மொழிவாரி மாநிலப் பிரிவினை, ஒரே தொகுதிக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்த இரட்டை உறுப்பினர் தொகுதிகள் ஒழிப்பு எல்லாம் நடந்துவிட்டது. ஆகவே 1952 தொகுதியையும் 1967 தொகுதியையும் ஒரே கோட்டில் வைத்துப் பேசக் கூடாது. நான் ஆண்டிபட்டிக்கு 1980இலிருந்து தொடங்குகிறேன், சுவாரசியமான கதை முழுக்க அங்கேயிருந்துதான்.

1980. வென்றவர் எஸ்.எஸ். ராஜேந்திரன், அ.தி.மு.க. நடிகர் எஸ்.எஸ்.ஆர். தான். 1962இல் பக்கத்துத் தேனியில் தி.மு.க. சார்பில் வென்று, நாட்டிலேயே சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் திரைப்பட நடிகர் என்ற பெயர் வாங்கியவர் அவர். அறிக்கையைப் படித்தால் இது தெரியாது, அதில் ஒரு பெயரும் ஓர் எண்ணும்தான். ஆனால் 1962 அறிக்கையையும் 1980 அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே மனிதர் பதினெட்டு ஆண்டு இடைவெளியில் ஒரே வட்டாரத்தில் உதயசூரியனிலும் இரட்டை இலையிலும் ஜெயித்திருப்பது கண்ணில் படும். இப்படி இரண்டு ஆண்டுகளின் ஏடுகளைச் சேர்த்துப் படிப்பதற்காகத்தான் இதை நான் விரும்புகிறேன்.

1984 எல்லோருக்கும் தெரிந்த கதை. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருக்கிறார், இந்திரா காந்தி படுகொலை நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 24 அன்று வாக்குப்பதிவு. தொகுதிக்குள் கால் வைக்காமலே எம்.ஜி.ஆர். 60,510 வாக்குகள் வாங்கினார், தி.மு.க.வின் தங்கராஜுக்கு 28,026. வித்தியாசம் 32,484. இதைச் சொல்லும்போது எல்லோரும் அனுதாப அலை என்று நிறுத்திவிடுகிறார்கள். அனுதாபம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தேர்தலில் காங்கிரசும் அ.தி.மு.க.வும் ஒன்றாக நின்றன என்பதைச் சேர்க்காமல் அந்த எண்ணைப் படிப்பது பாதிப் படிப்பு. 1980இல் காங்கிரஸ் தி.மு.க. பக்கம் இருந்தது, 1984இல் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அறிக்கையில் இந்த இடம்பெயர்வு எங்கேயும் எழுதியிருக்காது. கூட்டணி என்ற பத்தியே கிடையாது. ஒவ்வொரு கட்சியும் தனித்தனியாகவே நிற்கும், ஆண்டிபட்டியில் காங்கிரஸ் ஏன் நிற்கவில்லை என்பதை நீங்கள்தான் வேறு இடத்தில் தேடிக்கொள்ள வேண்டும்.

இதுதான் இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை என்பது என் கருத்து. தேர்தல் ஆணையம் சட்டப்படி கட்சிகளை மட்டுமே அறியும், கூட்டணி என்பது அதிகாரபூர்வமான அமைப்பு இல்லை, அதனால் அச்சிட மாட்டார்கள். அது எனக்குப் புரிகிறது. ஆனால் தமிழ்நாட்டுத் தேர்தலைக் கூட்டணியைப் பார்க்காமல் படிக்க முடியாது. ஒரு கட்சியின் வாக்கு சதவீதம் ஒரு தேர்தலில் ஏறி அடுத்ததில் இறங்கினால், "வாக்கு வங்கி கரைந்தது" என்று உடனே கட்டுரை எழுதுகிறார்கள். அந்தக் கட்சி முதல் தேர்தலில் எத்தனை இடத்தில் நின்றது, அடுத்ததில் எத்தனை இடத்தைத் தோழமைக் கட்சிக்கு விட்டுக்கொடுத்தது என்று பார்ப்பதே இல்லை. பார்ப்பதற்கான பத்தி அதே அறிக்கையில் இருக்கிறது, கட்சிகளின் செயல்பாடு என்ற அட்டவணையில். நின்ற இடங்களில் மட்டும் வாங்கிய வாக்கு சதவீதத்தையும் தனியாகக் கொடுத்திருப்பார்கள். அதை எடுத்துப் பயன்படுத்துங்கள், மாநில அளவிலான ஒற்றைச் சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசாதீர்கள்.

சரி, 1989க்கு வருவோம். கோட்டை என்று சொல்பவர்கள் தாண்டிப் போகும் ஆண்டு இது. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று இறந்தார், கட்சி இரண்டாகப் பிளந்தது, இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். காங்கிரஸ் மூப்பனார் தலைமையில் தனியாக நின்றது. ஜானகி அம்மா தன் கணவர் கடைசியாக வென்ற ஆண்டிபட்டியையே தேர்ந்தெடுத்து நின்றார், தோற்றார். தி.மு.க.வின் ஆசையன் வென்றார். அதே நாளில் பக்கத்துப் போடிநாயக்கனூரில் ஜெயலலிதா வென்றார். ஒரே வட்டாரம், ஒரே கட்சியின் இரண்டு துண்டுகள், ஒருவருக்குத் தோல்வி, ஒருவருக்கு வெற்றி. மாநில அளவில் ஜெயலலிதா அணிக்கு 27 இடம், ஜானகி அணியில் வென்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், சேரன்மகாதேவியில் பி.எச். பாண்டியன் அவர்களில் ஒருவர். எம்.ஜி.ஆரின் பெயருக்கு விழுந்த வாக்கு யாருக்கு மாறும் என்பதை மக்கள் எப்படித் தீர்மானித்தார்கள் என்று புரிய வேண்டுமானால் 1989 அறிக்கையில் இந்த இரண்டு தொகுதிகளின் பக்கங்களையும் அருகருகே திறந்து வையுங்கள். இரண்டு அணிகளும் தனித்தனிக் கட்சியாகவே அதில் பதிவாகியிருப்பதால், பிளந்த வாக்கைக் கூட்டிப் பார்க்கவும் வசதி.

1991இல் கே. தவசி, அ.தி.மு.க. ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகான தேர்தல், அ.தி.மு.க., காங்கிரஸ் கூட்டணிக்கு மாநிலம் முழுக்க 225 இடம். 1996இல் திரும்பவும் ஆசையன், தி.மு.க. அந்தத் தேர்தலில் பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார் என்பதால் ஆண்டிபட்டி போனது யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. இந்த இரண்டு தேர்தலிலும் தொகுதிக்கென்று தனிக் கதை பெரிதாக இல்லை, மாநிலம் போன பக்கம் போனது.

2001தான் நான் அதிக நேரம் செலவழித்த ஏடு. அங்கே தங்க தமிழ்ச்செல்வன் வென்றதாக இருக்கும். தொகுதித் தரவில் "மனு தள்ளுபடி" என்ற கட்டத்தைப் பாருங்கள். அந்தக் கட்டத்துக்குள்தான் ஜெயலலிதாவின் மனு அடங்கியிருக்கிறது. டான்சி நில ஊழல் வழக்கில் தண்டனை பெற்றிருந்த நிலையில் ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என்று நான்கு இடத்தில் மனுப் போட்டார், நான்கும் தள்ளுபடி. போட்டியிடாமலே முதலமைச்சர் ஆனார், செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்தது, ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சரானார், டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கிலிருந்து ஜெயலலிதாவை விடுவித்தது. தமிழ்ச்செல்வன் பதவி விலகி இடம் கொடுக்க, 2002 பிப்ரவரியில் இடைத்தேர்தல் நடந்தது. ஜெயலலிதா 78,437, தி.மு.க.வின் வைகை சேகர் 37,236. வித்தியாசம் 41,201. மார்ச் 2 அன்று மீண்டும் முதலமைச்சர்.

இவ்வளவு பெரிய நிகழ்வு எந்தப் பொதுத் தேர்தல் அறிக்கையிலும் கிடையாது. 2001 அறிக்கையில் தமிழ்ச்செல்வன், 2006 அறிக்கையில் ஜெயலலிதா, நடுவில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். பொதுத் தேர்தலுக்கு மட்டும்தான் அறிக்கை, இடைத்தேர்தல் முடிவுகளைத் தனியாக வைத்திருப்பார்கள். தொகுதி வரலாறு எழுதும் தனியார் இணையதளங்கள் பலவும் இதில்தான் சறுக்குகின்றன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று வரிசையாக அட்டவணை போட்டுவிட்டு இடைத்தேர்தலை விட்டுவிடுகின்றன, அல்லது இடைத்தேர்தலில் வென்றவரைப் பொதுத் தேர்தல் வரிசையில் போட்டுவிடுகின்றன. ஒரு தளத்தை நம்பலாமா வேண்டாமா என்று பார்க்க ஆண்டிபட்டி வரிசையை எடுத்து 2001க்கும் 2006க்கும் இடையில் 2002 இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

2001இல் இன்னொரு மாற்றமும் நடந்தது. தமிழ்நாடு முழுவதும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் நடந்த முதல் சட்டமன்றத் தேர்தல் அது. அதனால் "செல்லாத ஓட்டு" என்ற பத்தி அதற்கு முன்பு ஒரு பொருள், அதற்குப் பிறகு வேறு பொருள். வாக்குச்சீட்டுக் காலத்தில் முத்திரை தப்பான இடத்தில் விழுந்து வீணான ஓட்டுகள் பல தொகுதிகளில் ஆயிரக்கணக்கில் இருந்தன. நெருக்கமான வெற்றிகளில் அந்த எண் வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்கும். இயந்திரம் வந்த பிறகு அது தபால் ஓட்டோடு நின்றுவிட்டது. 2016 சட்டமன்றத் தேர்தலிலிருந்து நோட்டா என்ற வரியும் சேர்ந்துகொண்டது. இந்தப் பத்திகளை ஐம்பது ஆண்டுக்கு ஒரே கோட்டில் வரைந்து வரைபடம் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

2006இல் ஜெயலலிதா 73,927, தி.மு.க.வின் சீமான் 48,741. வித்தியாசம் 25,186. இந்தச் சீமான் இயக்குநரும் நாம் தமிழர் கட்சி ஒருங்கிணைப்பாளருமான சீமான் இல்லை, தி.மு.க. வேட்பாளர், வேறு ஒருவர். அறிக்கையில் பெயரைத் தவிர வேறு அடையாளம் இல்லாததால் இப்படிக் குழப்பம் வர வாய்ப்பு உண்டு. அண்மை ஆண்டுகளின் அட்டவணைகளில் வேட்பாளர் வயதும் சேர்த்திருக்கிறார்கள், அது கொஞ்சம் உதவும். சந்தேகம் வந்தால் ஆணையத்திடம் வேட்பாளர்கள் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தை எடுத்துத் தந்தை பெயரையும் முகவரியையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். எல்லாப் பெயரும் ஆங்கில எழுத்தில் மட்டும் இருப்பது இன்னொரு தொல்லை. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்திலிருந்து திரும்பத் தமிழுக்குக் கொண்டுவரும்போது குறிலும் நெடிலும் மாறிப்போகிறது, ஊர்ப் பெயரே ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் வருகிறது. தமிழ்நாட்டு அறிக்கையைத் தமிழிலும் தர வேண்டும். வாக்காளர் பட்டியலைத் தமிழில் அச்சிட முடிகிறது, வாக்கு இயந்திரத்தில் பெயரைத் தமிழில் ஒட்ட முடிகிறது, முடிவை மட்டும் ஏன் தமிழில் தரக்கூடாது?

இப்போது நான் கண்டதைச் சொல்கிறேன். 1980, 1984, 1989, 1991, 1996, 2001, 2006, 2011, 2016, 2021 என்று பத்துப் பொதுத் தேர்தல். இதில் ஆண்டிபட்டியில் வென்ற கட்சி மாநிலத்தில் ஆட்சி அமைக்காமல் போனது ஒரே ஒரு தடவை, 2006இல். மற்ற ஒன்பது தடவையும் சென்னைக் கோட்டையில் ஆட்சியில் யார் உட்காரப் போகிறார்களோ அவர்களுக்குத்தான் ஆண்டிபட்டி ஓட்டுப் போட்டிருக்கிறது. தி.மு.க. ஆட்சி அமைத்த 1989, 1996, 2021 மூன்றிலும் இங்கே தி.மு.க. அந்த 2006இலும் நின்றவர் அப்போதைய முதலமைச்சர், மாநிலத்தில் அ.தி.மு.க. 61 இடத்தோடு தோற்றபோதும் அவரைத் தொகுதி கைவிடவில்லை. இதை "அ.தி.மு.க. கோட்டை" என்று எப்படிச் சொல்வது? எம்.ஜி.ஆருக்கும் ஜெயலலிதாவுக்கும் விழுந்த வாக்கு அவர்கள் என்ற ஆளுக்கு விழுந்த வாக்கு. அவர்கள் இல்லாதபோது இந்தத் தொகுதி மாநிலக் காற்றோடுதான் போயிருக்கிறது. டீக்கடையில் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆனால் பத்து அறிக்கையையும் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த வகையில் இந்தச் சேவைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். கட்சிக்காரர் ஒருவரையும் கேட்காமல், ஒரு பைசா செலவில்லாமல், நாற்பது ஆண்டுக் கதையை ஆவணத்தோடு பேச முடிகிறது.

2011இலும் 2016இலும் மறுபடி தங்க தமிழ்ச்செல்வன். ஆனால் 2006ஐயும் 2011ஐயும் ஒப்பிடுவதற்கு முன்பு எல்லைக்கோட்டைப் பாருங்கள். 2008 தொகுதி மறுசீரமைப்பில் தேனி என்ற சட்டமன்றத் தொகுதியே இல்லாமல் போனது, பெரியகுளம் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதியானது, மாவட்டத்தில் ஆண்டிபட்டி, பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம் என்று நான்கே மிஞ்சின. பெயர் ஆண்டிபட்டிதான், உள்ளே இருக்கும் ஊர்கள் அதே ஊர்கள் இல்லை. அறிக்கை இதைப் பற்றி வாய் திறக்காது. மறுசீரமைப்பு ஆணையத்தின் உத்தரவைத் தனியாக எடுத்து எந்த வருவாய்க் கிராமம் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான். செய்யாவிட்டால் நீங்கள் சொல்லும் "வாக்கு உயர்வு" வெறும் எல்லை மாற்றமாகப் போய்விடும்.

அப்புறம் 2019. அ.தி.மு.க.விலிருந்து பிரிந்த டி.டி.வி. தினகரனை ஆதரித்த 18 எம்.எல்.ஏ.க்களை 2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தகுதி நீக்கம் செய்தார், தமிழ்ச்செல்வன் அதில் ஒருவர். 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2019 ஏப்ரல் 18 அன்று, நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து, இடைத்தேர்தல். தி.மு.க. மகாராஜன், அ.தி.மு.க. லோகிராஜன், இருவரும் உடன்பிறந்த சகோதரர்கள். வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு ஆண்டிபட்டியில் தினகரனின் கட்சியான அ.ம.மு.க.வின் அலுவலகம் இருந்த கட்டடத்தில் வருமான வரித் துறை சோதனை, காவலர்கள் வானத்தை நோக்கிச் சுட்டார்கள், 1.48 கோடி ரூபாய் கைப்பற்றப்பட்டது. முடிவு: மகாராஜன் 87,079, லோகிராஜன் 74,756, வித்தியாசம் 12,323. 2021இல் அதே சகோதரர்கள் மறுபடியும் எதிரெதிரே, மகாராஜன் 93,541, லோகிராஜன் 85,003, வித்தியாசம் 8,538 ஆகக் குறைந்தது. தமிழ்ச்செல்வனோ 2019 தேர்தல் முடிந்ததும் தி.மு.க.வில் சேர்ந்து, 2021இல் போடியில் ஓ. பன்னீர்செல்வத்திடம் தோற்று, 2024இல் தேனி நாடாளுமன்றத் தொகுதியில் தினகரனையே தோற்கடித்தார்.

2019இல் ஒரு விஷயம் என்னை விடவே இல்லை. ஒரே நாள், ஒரே வாக்குச்சாவடி, ஒரே வரிசையில் நின்ற மக்கள், இரண்டு இயந்திரம். நாடாளுமன்றத்துக்குத் தேனியில் வென்றது அ.தி.மு.க.வின் ரவீந்திரநாத் குமார், தமிழ்நாட்டில் தி.மு.க. கூட்டணி அன்று இழந்த ஒரே இடம் அதுதான். அதே தேனிக்குள் இருக்கும் ஆண்டிபட்டியும் பெரியகுளமும் சட்டமன்ற இடைத்தேர்தலில் தி.மு.க.வுக்குப் போயின. கை மாற்றிக் குத்தியவர்கள் எந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள்? இந்தக் கேள்விக்குப் புள்ளிவிவர அறிக்கையில் இடமில்லை, அது தொகுதியோடு நின்றுவிடும். இதற்குப் படிவம் 20 வேண்டும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் அண்மைத் தேர்தல்களுக்கு இதைப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய வாக்கு, வரிசை எண்ணோடு இருக்கும். நாடாளுமன்றத் தேர்தலுக்கும் சட்டமன்றப் பகுதி வாரியாகத் தனித்தனித் தாள் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்து சாவடி எண்ணைப் பொருத்திக்கொண்டே போனால், வருசநாட்டு மலையோரத்துச் சாவடிக்கும் ஆண்டிபட்டிப் பேரூராட்சிச் சாவடிக்கும் என்ன வேறுபாடு என்று கையில் பிடித்துவிடலாம்.

படிவம் 20ஐப் பற்றி எச்சரிக்கை. நிறைய தாள்கள் காகிதத்தைப் படம் பிடித்தவை, எழுத்தைத் தேட முடியாது, எண்களைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். சாவடி எண் தேர்தலுக்குத் தேர்தல் மாறும், ஆகவே எண்ணை நம்பாமல் சாவடி இருக்கும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் பாகத்தில் அடங்கிய தெருக்களையும் வைத்துப் பொருத்துங்கள். வாக்குச்சீட்டுக் காலத்துக்கு இந்த ஆசையே வேண்டாம், சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழக்கம் அப்போது இருந்தது.

அறிக்கையின் வடிவம் பற்றிக் கேட்பீர்கள். பழைய ஆண்டுகளுக்கு ஒரே பெரிய பி.டி.எஃப். கோப்பு, கைபேசியில் திறந்து உருட்டுவது சிரமம், கணினியில் பார்ப்பது நல்லது. புதிய தேர்தல்களுக்கு அட்டவணைகள் தனித்தனிக் கோப்புகளாக, எக்செல் வடிவத்திலும் வருகின்றன, தபால் வாக்கும் இயந்திர வாக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன, கணக்குப் போடுபவர்களுக்கு இது பெரிய வரம். வாக்கு எண்ணிக்கை நாளன்று எல்லோரும் பார்க்கும் நேரடி முடிவுப் பக்கத்தை ஆதாரமாக வைத்து எழுதாதீர்கள். அன்றைய அவசரத்துக்கு அது, இறுதிக் கணக்கு அறிக்கையில்தான்.

என் மதிப்பெண் 5க்கு 4. கூட்டணிப் பத்தியும் இடைத்தேர்தல் இணைப்பும் தமிழ்ப் பதிப்பும் இல்லாததற்காக ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தேன். பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், அரசியல் அறிவியல் மாணவர்கள், சொந்த ஊர்த் தொகுதியைப் பற்றி எழுத நினைப்பவர்கள் எல்லோரும் இதிலிருந்து தொடங்குங்கள். தொடங்கும்போது உங்கள் தொகுதியின் பக்கத்தை மட்டும் வெட்டி எடுக்காமல் ஒவ்வொரு ஆண்டின் முழுக் கோப்பையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தொகுதியில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டிய தேவை எப்படியும் வரும், ஆண்டிபட்டிக்குப் போடி தேவைப்பட்டது போல.